ஆரம்பநிலை எடைப்பயிற்சி லேசாகிவிட்டது: எதைக் கூட்டுவது?

விடியற்காலை

எல்லோருக்கும் வணக்கம். ஜிம்மில் சேர்ந்தபோது கொடுத்த அட்டவணையையே சில மாதங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், மூன்று நாளும் முழு உடம்புக்கும். எல்லாமே 3 செட் (சுற்று), செட்டுக்கு 10 ரெப் (தடவை).

ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது) 50 கிலோ
பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) 40 கிலோ
பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது) 35 கிலோ
டம்பெல் ஷோல்டர் பிரஸ் கைக்கு 10 கிலோ
ரொமேனியன் டெட்லிஃப்ட் (நின்றபடி இடுப்பை மடித்துப் பாரை இறக்கி நிமிர்வது) 50 கிலோ
கடைசியில் பிளாங்க் 1 நிமிடம்

பார் எடை 20 கிலோவையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். செட்டுக்கு நடுவில் 1 நிமிட ஓய்வு. வயது 27, உடல் எடை 68 கிலோ.

இப்போதெல்லாம் முடித்துவிட்டு வெளியே வந்தால் பாதியிலேயே கிளம்பி வந்தது போல இருக்கிறது. ஆரம்பத்தில் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்கவே முடியாது. இப்போது அந்த வலியும் வருவதில்லை. நான்கு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஓய்வை 30 விநாடியாகக் குறைப்பது. இன்னும் நாலு பயிற்சி சேர்ப்பது. மார்புக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள் என்று பிரித்து வாரம் ஐந்து நாள் போவது. இல்லையென்றால் இரண்டிரண்டு பயிற்சியாக இடைவெளி விடாமல் செய்வது. எது சரியாக வரும்?

எஃகுத்தோள்

வணக்கம் தம்பி. நான்கு வழி எழுதியிருக்கிறீர்கள், பாரில் எடையைக் கூட்டுவது அந்த நான்கில் ஒன்றாகக்கூட இல்லையே! கடைசியாக எப்போது பிளேட் (எடைத் தட்டு) சேர்த்தீர்கள்?

அட்டவணையைத் தொடுவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். பத்தாவது ரெப்பில் நிறுத்துகிறீர்கள். காகிதத்தில் 10 என்று இருப்பதால் நிறுத்துகிறீர்களா, அதற்குமேல் முடியாததால் நிறுத்துகிறீர்களா? லேசாக இருக்கிறது என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எவ்வளவு லேசு என்று அளந்து பாருங்கள்.

அடுத்த தடவை போகும்போது முதல் இரண்டு செட்டை வழக்கம்போல முடியுங்கள். மூன்றாவது செட்டில் 10-இல் நிறுத்தாமல் தொடருங்கள். பார் மேலே ஏறும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்து, இன்னும் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக வரும் என்று தோன்றும் இடத்தில் வைத்துவிடுங்கள். அந்தக் கடைசி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டாம். ஸ்குவாட்டுக்கு ரேக்கில் பாதுகாப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சுக்குத் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கட்டும். எத்தனை வந்தது என்று இங்கே எழுதுங்கள், மேலே பேசலாம்.

வேகநடை

எனக்கு ஓய்வைக் குறைத்ததுதான் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது. அதே எடைதான், ஆனால் 30 விநாடி ஓய்வில் செய்தால் மூன்றாவது செட்டில் மூச்சு வாங்குகிறது, சட்டை நனைந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதைவிடக் கடினமாக என்ன வேண்டும்? எடையை ஏற்றிக்கொண்டே போனால் மூட்டுக்கு ஆகாது என்பது என் கருத்து.

எஃகுத்தோள்

வேகநடை, உங்களுக்கு அது பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் விடியற்காலை கேட்டிருப்பது எடைப்பயிற்சியைப் பற்றி. ஓய்வைக் குறைத்தால் அங்கே முதலில் திணறுவது மூச்சு. தசைக்கு இன்னும் சக்தி மிச்சம் இருக்கும்போதே மூச்சு கையை விரித்துவிடும். அப்புறம் அடுத்த செட்டில் ரெப் குறையும், இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டிவரும். கஷ்டம் கூடியிருக்கும், தசை செய்த வேலை குறைந்திருக்கும்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே நேராகச் சோதித்தது. ஏற்கெனவே பயிற்சி செய்து பழகிய இளைஞர்கள் 21 பேர். ஒரு குழுவுக்கு 1 நிமிட ஓய்வு, இன்னொரு குழுவுக்கு 3 நிமிடம், மற்றதெல்லாம் ஒன்றே. 8 வாரம் கழித்து 3 நிமிடக் குழுவுக்குத்தான் ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் பலம் அதிகம் கூடியிருந்தது, தொடையின் முன்பக்கத் தசையும் அதிகம் தடித்திருந்தது. அதனால் தம்பி, உங்கள் முதல் யோசனைக்கு நேர் எதிராகச் சொல்கிறேன். ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் ஓய்வை 1 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாக்குங்கள்.

மூட்டு பற்றி: மூட்டைச் சுற்றியுள்ள தசைநாணும் எலும்பும்கூடச் சுமைக்கு ஏற்பத்தான் உறுதியாகின்றன. தசையைவிட மெதுவாக உறுதியாகும், அவ்வளவுதான். திடீரென்று ஏற்றுவதுதான் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றும் முறையே ஆஸ்பத்திரியில் வளர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்டு முழங்கால் பலவீனமான வீரர்களுக்கு எடை தூக்கவைத்து, அதை 1945-இல் கட்டுரையாக எழுதினார். பிறகு 1948-இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் சொன்ன முறை இது: ஒருவரால் 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி, முதல் செட் அதில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. 3 செட் 10 ரெப் என்று நாம் இன்று எழுதிக்கொள்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன 10, பதினொன்றாவது வராத 10. விடியற்காலை செய்வது எந்த 10 என்றுதான் கேட்டிருக்கிறேன்.

விடியற்காலை

செய்து பார்த்துவிட்டேன் அண்ணா. ஒன்று மிச்சம் வைத்து நிறுத்திய எண்ணிக்கை இது:

ஸ்குவாட் 16, பெஞ்ச் 12, ரோ 14, ஷோல்டர் பிரஸ் 10. ரொமேனியன் டெட்லிஃப்ட் 18. அதிலும் தொடை களைக்கவில்லை, விரல்கள்தான் விட்டுவிட்டன.

ஷோல்டர் பிரஸ்ஸில் பத்தாவதே இழுபறியாகத்தான் போனது. ஸ்குவாட்டில் 16 வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

கணக்கர்

எனக்குப் பிடித்த இடத்துக்கு இழை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்று தோராயமாகக் கணிக்க எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு. ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 10 ரெப்புக்கு மேல் போனால் கணிப்பு கொஞ்சம் ஆட்டம் காணும், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மிச்சம் வைத்த ஒன்றையும் சேர்த்தால் ஸ்குவாட் 17. 50 கிலோவில் 17 என்றால் சுமார் 78 கிலோ. பெஞ்ச் 40 கிலோவில் 13, அதாவது சுமார் 57. ரோ 35-இல் 15, அது 52.5.

இதைத் திருப்பிப் போடுவோம். 10 ரெப் செய்து 2 மிச்சம் இருக்க வேண்டும் என்றால் எந்த எடை? ஸ்குவாட்டுக்கு ஏறக்குறைய 56 கிலோ. ரோவுக்கு 37.5. பெஞ்சுக்கு 41!

பாருங்கள், பெஞ்ச் பிரஸ் ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஷோல்டர் பிரஸ் அதைவிடக் கடினமாக இருக்கிறது. லேசாகிப்போனது ஸ்குவாட்டும் ரொமேனியன் டெட்லிஃப்ட்டும்தான். மொத்த அட்டவணையும் லேசு என்று தோன்றுவதற்கு இந்த இரண்டுதான் காரணமாக இருக்க வேண்டும். பெரிய பயிற்சிகள் லேசாக முடிந்தால் அன்றைய தினமே லேசாக முடிந்தது போலத்தான் இருக்கும்.

எஃகுத்தோள்

கணக்கர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே மருந்தை ஆறு பயிற்சிக்கும் கொடுக்கக் கூடாது. ஐந்து நாள் பிரிவோ புதுப் பயிற்சிகளோ இப்போது சேர்த்தால், லேசாக இருக்கும் ஸ்குவாட் லேசாகவே இருக்கும், ஏற்கெனவே கடினமான தோள்தான் இன்னும் அடி வாங்கும்.

ஸ்குவாட்டில் 16 வந்தது என்பதை அப்படியே நம்புவதற்கு முன் இன்னொன்று. போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து அதே செட்டை வீடியோ எடுங்கள். கீழே போகும்போது இடுப்பு மடியும் இடம் முழங்காலின் மேல்பக்கத்தைவிடக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் நடுவர் பார்ப்பதும் இதைத்தான். குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, அடிமுதுகு வளைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மாடிவீடு

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் வீட்டிலேயே செய்கிறேன். 15 கிலோ டம்பெல் ஒரு ஜோடி மட்டும்தான் இருக்கிறது. எடையைக் கூட்டுங்கள் என்றால் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. எனக்கு என்ன வழி?

எஃகுத்தோள்

மாடிவீடு, உங்களுக்கு வழி நிறைய இருக்கிறது. முதலில் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். பின்காலை நாற்காலியிலோ கட்டில் விளிம்பிலோ வைத்துச் செய்யும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு, இரண்டு கையிலும் 15 கிலோ இருந்தால் பலருக்குப் பத்துக்கு மேல் வராது. ஒற்றைக் கால் ரொமேனியன் டெட்லிஃப்ட்டும் அப்படித்தான். தண்டாலுக்குக் காலை உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது வேகம். இறங்குவதற்கு 3 விநாடி, அடியில் 2 விநாடி அசையாமல் நிற்பது, அப்புறம் மேலே. எண்ணும்போது அவசரப்படாதீர்கள், இரண்டாவது விநாடியிலேயே மூன்று என்று சொல்லத் தோன்றும். அடியில் நிற்கும் இடத்தில் உடம்பைத் தளர விடக் கூடாது. தளர்த்தினால் அது உட்கார்ந்து எழுவது ஆகிவிடும்.

தசை வளர்ச்சிக்கு மட்டும் என்றால் 20, 25 ரெப் வரைக்கும்கூடப் போகலாம். குறைந்த எடையிலும் முடியாத நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் தசை வளர்கிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதிகபட்ச பலம் வேண்டும் என்றால்தான் கனமான எடை கட்டாயம்.

விடியற்காலை

வீடியோ எடுத்துப் பார்த்தேன். முதல் 11 ரெப் வரைக்கும் ஆழம் சரியாக இருக்கிறது. பன்னிரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே நின்றுவிடுகிறேன். பதினாறாவது ஏறக்குறைய பாதிதான். செய்யும்போது எல்லாம் ஒரே மாதிரி இறங்கியதாகத்தான் தோன்றியது. குதிகால் எழும்பவில்லை. முதுகு நேராக இருக்கிறது.

கணக்கர்

அப்படியானால் ஸ்குவாட்டின் உண்மையான எண்ணிக்கை 12 என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவில் 12 என்றால் கணிப்பு 70 கிலோவுக்கு இறங்குகிறது. முன்பு சொன்ன 78-ஐ வைத்து எடை போட்டிருந்தால் முதல் வாரமே மாட்டிக்கொண்டிருப்பீர்கள். நல்லவேளை வீடியோ எடுத்தீர்கள்.

எஃகுத்தோள்

ரொம்ப நல்ல தகவல் இது. ஆழம் என்பதே ஒரு சுமைதான். அதே 50 கிலோவை எல்லா ரெப்பிலும் முழு ஆழத்துக்குக் கொண்டுபோனாலே அட்டவணை கடினமாகிவிடும், காசில்லாத முன்னேற்றம். தொடைத் தசைக்கும் பாதியோடு நிற்பதைவிட முழு ஆழம்தான் நல்லது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்குவாட்: 10 ரெப்பை விட்டுவிட்டு 3 செட் 5 ரெப் என்று மாறுங்கள். 55 கிலோவில் தொடங்குங்கள். முதல் நாள் 3 ரெப் மிச்சம் இருக்கும், இருக்கட்டும். அடுத்த பயிற்சிக்கு 57.5. அதற்கடுத்து 60. ஒவ்வொரு பயிற்சிக்கும் பாரின் இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஒன்று சேரும். வாரத்துக்கு 7.5 கிலோ! இந்த வேகம் ஆரம்பநிலையில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும் வரம். பல வருடம் தூக்கியவர்கள் ஒரு வருடம் முழுக்க உழைத்து ஏற்றுவதை நீங்கள் ஒரே மாதத்தில் ஏற்றிவிடுவீர்கள். ஆரம்பத்தில் தசை பெருப்பதற்கு முன்பே, இருக்கும் தசையை ஒன்றுசேர்த்து இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதனால்தான் மாதக்கணக்கில் 50-இலேயே நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

பெஞ்ச்: 42.5 போட்டு 3 செட் 6 ரெப். அடுத்தடுத்த நாட்களில் ரெப்பைக் கூட்டி மூன்று செட்டும் 8 ஆனதும் 45-க்குப் போய் மறுபடியும் 6-இலிருந்து. முதலில் ரெப், அப்புறம் எடை.

ரோ: 37.5, 3 செட் 8 முதல் 10 வரை. இடுப்பை ஆட்டி இழுக்கத் தொடங்கினால் அந்த ரெப்பை எண்ணாதீர்கள்.

ஷோல்டர் பிரஸ்: இதில் எடையைத் தொடவே வேண்டாம். 10-க்கு அடுத்து 12.5 கிலோ டம்பெல்தான் இருக்கிறது என்றால் அது ஒரேயடியாக 25 சதவீத ஏற்றம், எளிதில் தாண்ட முடியாது. 10 கிலோவிலேயே நான்காவது செட் ஒன்றைச் சேருங்கள். நான்கிலும் 12, 13 வரத் தொடங்கிய பிறகு 12.5-ஐ எடுங்கள், 6 அல்லது 7 வரும்.

ரொமேனியன் டெட்லிஃப்ட்: 60 கிலோ, 3 செட் 8. பிடி விட்டுப்போவதற்குச் சாக்பொடி போதும். கடைசி செட்டில் மட்டும், பாரைச் சுற்றிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்ளலாம். எல்லா செட்டுக்கும் கட்டினால் பிடி வளராது.

பிளாங்க்: நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு ஆர்வம் இல்லை. முதுகில் ஒரு பிளேட்டை வைத்து 30 விநாடி செய்யுங்கள்.

தேன்கூடு

ரெப்பைக் கூட்டு, அப்புறம் எடை என்று சொன்னீர்கள் அண்ணா. நான் 15 கிலோ பாரில் ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி பாரைத் தலைக்கு மேல் தள்ளுவது) செய்கிறேன். 22.5-இல் 5 ரெப் மூன்று செட் சரியாக வருகிறது. 25 போட்டால் இரண்டோடு நின்றுவிடுகிறது. திரும்ப 22.5-க்கு வந்து நல்லாச் செய்கிறேன், மறுபடியும் 25 போட்டால் அதே கதை. ஸ்குவாட்டில் இப்படி மாட்டிக்கொள்வதில்லை, தோளில் மட்டும்தான்.

கணக்கர்

தேன்கூடு, இது உங்கள் பலத்தின் பிரச்சினை இல்லை, பிளேட்டின் பிரச்சினை. 22.5-க்கு மேல் 2.5 என்றால் 11 சதவீதம். 60 கிலோ ஸ்குவாட்டுக்கு அதே 2.5 கிலோ 4 சதவீதம்தான். ஒரே பிளேட், ஆனால் உங்கள் தோளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய படி. அரை கிலோ பிளேட் இரண்டு ஜோடி வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 23.5, 24.5 என்று போகலாம். ஒலிம்பிக் பளுதூக்குதல் போட்டியிலேயே 1 கிலோ கூட்டிக் கேட்கலாம், அதற்காகவே அரை கிலோத் தட்டுகளும் அங்கே உண்டு. நமக்கு என்ன கூச்சம்?

தேன்கூடு

இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. நன்றி! அது வரும்வரை 22.5-இல் ரெப்பை ஏற்றலாமா?

எஃகுத்தோள்

தாராளமாக. மூன்று செட்டும் 8 ஆகட்டும். அதற்குள் பிளேட் வந்துவிடும். 8 வந்துவிட்டால் 25-இலேயே 5 வரக்கூடும், வந்தால் பிளேட் அடுத்த படிக்கு உதவும்.

வேகநடை

நீங்கள் சொன்ன ஆய்வை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் 3 நிமிடம் ஓய்வு என்றால் ஜிம்மிலேயே குடியிருக்க வேண்டியதுதான். வேலைக்குப் போகிறவருக்கு நடக்கிற காரியமா? இடைவெளி இல்லாமல் இரண்டு பயிற்சி செய்யும் யோசனையை ஏன் மொத்தமாக ஒதுக்குகிறீர்கள்?

எஃகுத்தோள்

மொத்தமாக ஒதுக்கவில்லை வேகநடை, நீங்கள் நேரத்தைப் பற்றிச் சொல்வது நியாயம். எந்த இரண்டைச் சேர்க்கிறோம் என்பதுதான் விஷயம். பெஞ்சும் ரோவும் எதிரெதிர் தசைகள். பெஞ்ச் ஒரு செட், ஒன்றரை நிமிடம் கழித்து ரோ ஒரு செட், ஒன்றரை நிமிடம், மறுபடியும் பெஞ்ச். பெஞ்சின் இரண்டு செட்டுக்கு நடுவில் எப்படியும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும், நேரமும் வீணாகாது. இதை விடியற்காலையும் செய்யலாம்.

ஸ்குவாட்டையும் ரொமேனியன் டெட்லிஃப்ட்டையும் இப்படிக் கோக்காதீர்கள். இரண்டும் அடிமுதுகைக் கேட்கும். ஷோல்டர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் பிளாங்க் வரலாம், தப்பில்லை.

விடியற்காலை

எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, வலி. மறுநாள் வலிக்கவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று ஜிம்மில் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது, இப்படி ஒவ்வொரு தடவையும் 2.5 ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் நின்றுவிடுமே, அப்போது என்ன செய்வது?

எஃகுத்தோள்

வலியை அளவுகோலாக வைக்க வேண்டாம். பழக்கமில்லாத அசைவைச் செய்தால் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை வலிக்கும். அதே அசைவைச் சில தடவை செய்துவிட்டால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிவிடும், வலி குறையும், பலம் கூடிக்கொண்டே இருக்கும். வாரா வாரம் புதுப்புதுப் பயிற்சியாக மாற்றினால் தினமும் வலியை வரவழைக்கலாம். பலம் வராது. நோட்டில் எழுதிய எண் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நிற்பது பற்றி: நிற்கத்தான் செய்யும். ஒரே எடையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை 5 ரெப் முடிக்க முடியாமல் போனால் 10 சதவீதம் இறக்குங்கள், அங்கிருந்து திரும்ப ஏறுங்கள். அதற்கு முன் தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. உங்கள் 68 கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 110 கிராம். அது இல்லாமல் எடை நின்றுவிட்டது என்று அட்டவணையைக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூர்மையாகக் குத்துகிற வலி, ஒரு பக்கம் மட்டும் வருகிற வலி, மூட்டுக்குள் வருகிற வலி, இவை தசை வலி இல்லை. அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

மாடிவீடு

பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் 15 கிலோ ஜோடியோடு, 3 விநாடி இறக்கத்தில் செய்தேன். வலது கால் 9, இடது கால் 7. இத்தனை நாள் இரண்டு காலும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

எஃகுத்தோள்

இடது காலை முதலில் செய்யுங்கள். அதில் எத்தனை வருகிறதோ வலதிலும் அத்தனையோடு நிறுத்துங்கள். கொஞ்ச நாளில் சமமாகிவிடும்.

விடியற்காலை

சில வாரம் கழித்து வருகிறேன். ஸ்குவாட் 55-இல் தொடங்கி 75 வரைக்கும் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறியது. 77.5-இல் முதல் செட் 5, இரண்டாவது 5, மூன்றாவது 4. அடுத்த தடவையும் அதே 5, 5, 4. நான்காவது ரெப்பில் பார் பாதி வழியில் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் ஏறியது. ஆழத்தை ஒவ்வொரு வாரமும் வீடியோவில் பார்க்கிறேன், சரியாகவே இருக்கிறது.

பெஞ்ச் 45-இல் 8, 8, 7. ஷோல்டர் பிரஸ் 10 கிலோவில் 12, 12, 11, 10. ரொமேனியன் டெட்லிஃப்ட் 70-இல் 8, பட்டை கடைசி செட்டுக்கு மட்டும். முடித்துவிட்டு வெளியே வரும்போது பாதியில் வந்த உணர்வு போய்விட்டது. ஸ்குவாட்டை 70-க்கு இறக்கித் திரும்ப ஏறட்டுமா, இல்லை வேறு முறைக்கு மாறலாமா?

வேகநடை

50-இலிருந்து 77.5-ஆ! வாழ்த்துகள். நானும் பெஞ்சையும் ரோவையும் கோத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டேன், எடை ஏறுகிறது.

எஃகுத்தோள்

பிரமாதம் தம்பி. 70-க்கு இறக்குங்கள். ஆனால் திரும்ப ஏறும்போது மூன்று நாளும் கனமாக வேண்டாம். நீங்கள் இப்போது தூக்கும் எடைக்கு 48 மணி நேரத்தில் மீண்டு வருவது இனி கஷ்டம். திங்கள் 3 செட் 5, 70-இலிருந்து. புதன் லேசான நாள்: 60 கிலோ, 3 செட் 5, அடியில் 2 விநாடி நிறுத்தி எழ வேண்டும். பார் பாதி வழியில் நின்றது என்று சொன்னீர்களே, அந்த இடத்துக்கு இது நல்ல மருந்து. வெள்ளி, வார்ம் அப்புக்குப் பிறகு கனமாக ஒரே ஒரு செட் 5. முதல் வெள்ளி 75. அது வந்தால் அடுத்த வெள்ளி 77.5. திங்கள் எடை வாரத்துக்கு 2.5 ஏறட்டும்.

வெள்ளியன்று ரொமேனியனுக்குப் பதில் தரையிலிருந்து டெட்லிஃப்ட் ஒரு செட் 5 போடலாம், 80-இல் தொடங்குங்கள். பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன பிளேட் என்றால் பார் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், முதுகு வளைந்துவிடும். அப்படியானால் இரண்டு பக்கமும் அடியில் பிளேட் அடுக்கி, பாரைத் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கணக்கர்

77.5-இல் 5 என்றால் கணிப்பு 90 கிலோ. உங்கள் உடல் எடையைப் போல் 1.3 மடங்கு. புதன்கிழமைக்குச் சொன்ன 60 அதில் மூன்றில் இரண்டு பங்கு, நிறுத்தி எழுவதற்குச் சரியான எடை.

விடியற்காலை

ஜிம்மில் இருக்கும் 10 கிலோ பிளேட் சின்னது, 20 கிலோ பிளேட் மட்டும் 45 சென்டிமீட்டர். 80-க்கு ஒவ்வொரு பக்கமும் 20-ம் 10-ம் வரும், பெரியது இருப்பதால் உயரம் சரியாகிவிடும் அல்லவா?

எஃகுத்தோள்

சரியாகிவிடும். 20-ஐ உள்பக்கம் போடுங்கள், 10 வெளியே. கிளிப் மாட்ட மறக்காதீர்கள்.